மறுபடியும் அதே கதவு

“மறுபடியும் அதே கதவா சார்?”

“ஆமா மாஸ்டர். போன மழைக்கு முன்னாடிதானே தகடு மாத்தினீங்க? அதுக்குள்ள துரு தின்னுடுச்சு!”

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவி போனபின் வீட்டில் சுவரோடு பேசுபவர். இங்கே வந்தால் வாய் ஓயாது.

டிங்கர் மாஸ்டர் கார்க் கதவின் அடித்தகட்டை வெட்டியெடுத்தார். மழைத்தண்ணீர் வடியும் துளையை ஒரு கட்டம்போட்ட கைக்குட்டை அடைத்து, தண்ணீரை உள்ளேயே தேக்கியிருந்தது. சாரின் சட்டைப்பையில் எட்டிப்பார்த்த கைக்குட்டையிலும் அதே கட்டம்.

சார் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டார். “என்ன கோளாறு மாஸ்டர்?”

“போன தடவை நான்தான் சரியாப் பத்தவைக்கலை சார். கூலி வேண்டாம்.”

புதுத் தகடு ஏறியது. சார் கைகழுவப் போனார். அவர் கிளம்பிவிட்டால் பட்டறையில் டிங்கருக்குச் சுத்தியல் சத்தம்தான் பேச்சுத்துணை.

டிங்கர் அந்தக் கைக்குட்டையைப் பிழிந்து, புதுத் தகட்டின் துளையில் இறுக்கித் திணித்தார்.