ஐந்து கோடு

சதுப்பு நிலத்தின் ஓரத்தில், வேட்டைப் பரண்மேல் உட்கார்ந்திருந்தான் ஹோல்கர். துப்பாக்கியின் தொலைநோக்கியைப் பத்து மடங்கில் வைத்து, எதிரே நின்ற மூஸ் மானை அளந்தான். கண்ணாடிக்குள் பொறித்த அளவுக் கோடுகளில், குளம்பிலிருந்து தோள்வரை ஐந்து கோடு. அப்படியென்றால் நானூறு மீட்டர்.

அவன் சொன்னதை வயர்லெஸ்ஸில் கேட்டு வேட்டைத் தலைவி குன்வோர் சிரித்தாள். "நூறுக்குள்ள வரட்டும். போன வருஷம் மாதிரி மரக்கட்டையைச் சுட்டுட்டு வந்து நிக்காதே."

அகலமாகப் பார்க்க, தொலைநோக்கியின் வளையத்தைத் திருகி ஐந்து மடங்குக்கு இறக்கினான். கோடுகள் மாறாது, மான்தான் பாதியாகச் சிறுக்க வேண்டும். மானுக்குப் பக்கத்திலிருந்த பிர்ச் மரம் சிறுத்தது. மான் ஐந்து கோட்டிலேயே நின்றது. பாதி மடங்கில் அதே அளவென்றால், கணக்குப்படி பாதித் தூரம். "இருநூறு மீட்டர்," என்றான்.

"இருநூறா? நடந்து வருதா?"

"இல்ல. காலையே தூக்கல."

இரண்டரை மடங்குக்கு இறக்கினான். அதற்குக் கீழே வளையம் திரும்பாது. மரம் குச்சியானது. மான் அதே ஐந்து கோடு.

"நூறு," என்றான்.

"அப்போ சுடலாம். அதுக்கு முன்னாடி கண்ணை எடுத்து, வெறுங்கண்ணால ஒரு தடவை சுத்திப் பாத்துடு. நம்ம விதி தெரியுமில்ல?"

வெறுங்கண் என்றால் ஒரு மடங்கு; கணக்குப்படி நாற்பது மீட்டர். அதை அளக்க வெறுங்கண்ணுக்குக் கோடுகளும் இல்லை. ஹோல்கர் வளையத்தை மெதுவாகப் பத்துக்கே திருப்பினான். மான் மறுபடி நானூறு மீட்டருக்குப் போனது.

குன்வோர் இரண்டு முறை கூப்பிட்டாள். அவன் கண்ணை எடுக்கவில்லை.