ரசலையனின் சத்தியம்
அருமனைக்குப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில், ராந்தல் வெளிச்சத்தில் மதுவிலக்குச் சங்கம் கூடியிருக்கிறது. ரசலையன் எழுந்து நின்று வலக்கையை உயர்த்துகிறான். காலையிலிருந்து கள் இறங்காத உடம்பு வேர்த்துக் குளிர்கிறது. உயர்த்திய கையை இடக்கையால் தாங்கிக்கொள்கிறான். "சத்தமாச் சொல்லு மக்கா," என்கிறார் ஆபேல் உபதேசியார். "இனி குடிக்கமாட்டேன்." குரல் பாதியில் உடைகிறது. பாயில் இருக்கும் ஆண்கள், குடியை விட்டவர்களும் விடமுடியாமல் தவிப்பவர்களும், "ஆமென்" என்கிறார்கள். பக்கத்திலிருக்கும் ராஜையன் அவன் துண்டைப் பிடித்து இழுக்கிறான். "எனக்கும் சத்தியம் ஒருக்க முறிஞ்சதுதாம்லே, இரி." ரசலையன் உட்கார்ந்து, பெண்கள் பக்கம் தன் மனைவி நேசபாயைத் தேடுகிறான். போன வருஷம் இதே சத்தியத்தை அவன் சொன்னபோது, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இன்று அவள் நிமிரவில்லை. மடியில் உறங்கும் மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.