யானை பார்த்த வால்

“உன் யானைக்குப் பாக்க வேற இடமே கிடைக்கலையா? என் சிங்கத்தோட வாலையே பாத்துக்கிட்டு நிக்குது!”

மூத்தவள் போட்ட சத்தத்தில் அருங்காட்சியகத்து அம்மாளே பின்வாங்கினாள்.

பழைய அரண்மனைத் திரை ஒன்று நைந்துபோனதால் அதேபோல் புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள். அடியில் பஞ்சு வைத்துப் புடைக்கத் தைத்து, மேலே தங்க ஜரிகையால் மூடிய இரண்டு விலங்குகள். இடப்பக்கம் சிங்கம், வலப்பக்கம் யானை, முகத்துக்கு முகம் பார்த்தபடி. ஓரகத்திகள் இருவரும் ஆளுக்கொன்றாக வாங்கிப்போய் அவரவர் வீட்டில் தைத்து வந்திருந்தார்கள். வெல்வெட்டின் மேல் வைத்துப் பார்த்தால், இரண்டுமே இடப்பக்கம் பார்த்து நிற்கின்றன!

“படத்தாளைப் பாத்துத்தான் அக்கா தைச்சேன்...” இளையவள் இழுத்தாள்.

“கண்ணைத் தொறந்து பாத்தியா? நாலு பேர் முன்னாடி குடும்ப மானத்தையே வாங்கிட்டியே!”

“அடுத்த மாசம் திரையைத் தொங்கவிடணும். எப்படியாவது சரி பண்ணிடுங்க” என்றாள் அந்த அம்மாள்.

இளையவள் யானையைத் துணியில் பொதிந்துகொண்டு போனாள். கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்த மூத்தவள், பலகையில் குத்தியபடியே இருந்த தன் படத்தாளைப் பார்த்தாள். மூலையில் இருந்த எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்ததால் படிக்க முடியவில்லை. தாளை எடுத்துப் புரட்டினாள். ‘சிங்கம், இடப்பக்கம்’ என்று பளிச்சென்று தெரிந்தது; படத்துச் சிங்கம் வலப்பக்கம் பார்த்து நின்றது.

தாளைத் திருப்பிப் போட்டுத் தைத்தது அவள்தான். யானை சரி. சிங்கம்தான் தப்பு.

“சே! என்ன பேச்சுப் பேசிட்டேன்!” வெட்கம் பிடுங்கித் தின்றது. போனை எடுத்தாள், வைத்தாள். மூத்தவள் என்ற வீறாப்பு விடவில்லை. சத்தம் போடாமல் திருத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

முழுசாகப் பிரித்து, சிங்கத்தை வலப்பக்கம் பார்க்க மறுபடி தைத்தாள். ஊசி குத்தி விரலெல்லாம் பொத்துப்போயிற்று. குத்தும்போதெல்லாம் அந்தக் கலங்கிய கண்தான் நினைவுக்கு வந்தது. நேரில் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒப்படைக்கும் நாளில் வெல்வெட்டின் இடப்பக்கம் சிங்கத்தை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். இளையவள் வந்தாள். அவள் விரல்களிலும் பிளாஸ்திரி.

“இன்னும் கோவமா அக்கா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு...” என்றபடி பொதியை அவிழ்த்தாள்.

யானை வலப்பக்கம் திரும்பியிருந்தது. மூத்தவளின் சிங்கம் இப்போது அதன் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றது.