பிழையில்லாத பக்கம்

கணினிக்குக் கட்டளை தட்டுகிறவர்களுக்கு வழி சொல்லும் உதவிப் பக்கம் ஒன்று இருந்தது. பிழை திருத்தக் கர்சர் வந்து நின்றதுமே பக்கம் முந்திக்கொண்டு சொன்னது:

"அண்ணே, எழுத்துப்பிழை கிடக்கட்டும். கடைசி வரியைப் பாருங்க. இந்தக் கட்டளை கோப்புகளைப் பத்திரமா வைக்கும்னு போட்டிருக்கு. உண்மையில எல்லாத்தையும் அழிச்சிடும்!"

கர்சர் அந்த வரியை எழுத்தெழுத்தாக மோந்து பார்த்தது. "இதுல ஒரு பிழையும் இல்லையே? அர்த்தம் பார்க்கிறது என் வேலை இல்லை தம்பி."

மற்ற வரிகளில் ஓர் ஒற்றெழுத்தைக்கூட விடாமல் திருத்திவிட்டு, "இப்பதான் லட்சணமா இருக்கே!" என்று அடுத்த பக்கத்துக்குத் தாவியது.

அதுவரை வந்தவர்களெல்லாம் பிழைகளைக் கண்டு முகம் சுளித்து, 'இதை நம்பி இறங்க முடியாது' என்று வேறெங்காவது விசாரித்துக்கொண்டார்கள். பக்கமும் நிம்மதியாக இருந்தது.

அன்று மாதங்கி வந்தாள். மூன்று வருட ஆராய்ச்சி முழுக்க அவள் கணினியில்தான் இருந்தது.

"அடடா, ஒரு பிழைகூட இல்லாம எழுதியிருக்காங்களே!" என்றபடி கடைசி வரிக் கட்டளையைத் தட்டத் தொடங்கினாள்.

பக்கம் கத்தப் பார்த்தது. மனுஷர்களிடம் பேச அதற்கு அந்தத் திருத்திய வரிகளைத் தவிர வேறு வாயில்லை.