நன்றாக இருந்த பெல்ட்

மெக்கானிக் சேசுராஜ் ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான்.

நன்றாக இருந்தது. வெடிப்பு இல்லை. தொய்வு இல்லை. இன்னும் முப்பதாயிரம் கிலோமீட்டர் தாராளமாக ஓடும்.

கழற்ற ஆரம்பித்தான்.

சுடலைமணி அண்ணாச்சியின் வண்டி பட்டறைக்கு வந்தால் அப்படித்தான். என்ஜின் ஆயிலை மாற்ற வேண்டும். டீசல் ஃபில்டரை மாற்ற வேண்டும். உப்புக்காற்று அரிக்கிற அடிப்பாகம் முழுக்கக் கிரீஸ் வைக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் செய்கிற வேலைதான். ஃபேன் பெல்ட்டை மட்டும், நன்றாக இருந்தாலும், புதிதாக மாட்டியாக வேண்டும்.

நான்கு வருடமாக நடக்கிறது. கழற்றிய பெல்ட்டுகள் சுவரில் ஓர் ஆணியில் தொங்கின. வேறு எந்த வண்டிக்கும் அவற்றை எடுத்து மாட்ட சேசுராஜுக்கு மனம் வந்ததில்லை.

அண்ணாச்சி வாசலில் கவிழ்த்துப்போட்ட டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

உப்பு மூட்டை ஏற்றுகிற பிக்கப் அது. மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. விற்றுத் தள்ளிவிடச் சொல்லாத ஆள் இல்லை. அவர் கேட்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்பு, ஒரு காலை.

உப்பளத்து வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அவருடைய மகளை விரியன் கடித்தது. மதுமிதா. எட்டு வயது. தாயின் மடியில் பிள்ளையைப் போட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுத்தார்.

பாதி வழியில் பெல்ட் அறுந்தது. என்ஜின் கொதித்தது. வண்டி நின்றது.

இரண்டு பக்கமும் உப்பளம். ஓர் ஆள் இல்லை.

அடுத்த வண்டி வர நாற்பது நிமிடம் ஆனது.

கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை.

சர்வீஸ் நாள் தாண்டி ஒரு மாதம் ஓட்டியவர் அண்ணாச்சி. உப்பு சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். ஊருக்கே தெரியும். அவர் மனைவி வள்ளிமயில் இன்றுவரை அதைத்தான் சொல்கிறாள். அவரிடம் வாய் திறப்பதே அதைச் சொல்லத்தான்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது.

அதற்கு முந்தைய சர்வீஸிலேயே பெல்ட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. சேசுராஜ் பார்த்தான். தடவியும் பார்த்தான். அன்று மச்சினன் கல்யாணம். பட்டறையை அடைத்துவிட்டுக் கிளம்பும் அவசரம். அடுத்த தடவை மாற்றிக்கொள்ளலாம் என்று பானெட்டை மூடினான்.

அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புதுப் பெல்ட்டை அவன் மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது.

"ஒம்மேல எனக்கு ஒரு கொறையும் கெடயாது தம்பி. நீ ஒழுங்காத்தான் பாத்துக் குடுத்த. சொன்ன நாளைக்கு நான் வந்திருந்தா..."

ஒவ்வொரு சர்வீஸுக்கும் அவர் சொல்வதுதான். ஒவ்வொரு தடவையும் சேசுராஜ் என்ஜினுக்குள் தலையை விட்டுக்கொள்வான்.

இன்று முடியவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

சொன்னான். வெடிப்பைப் பார்த்தது. தடவியது. கல்யாண வீட்டுக்குப் போனது. எல்லாம்.

சொல்லி முடித்த பிறகும் அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. டின் நகர்கிற சத்தம் கேட்டது. எழுந்து வந்தார். அடி விழும் என்று நினைத்தான். விழட்டும் என்று நின்றான்.

அவர் வண்டியின் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டார்.

"வேற யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல அண்ணாச்சி. இன்னைக்கே வந்து வள்ளிமயில் மயினிகிட்டச் சொல்லிருதேன். காலுல விழுந்து சொல்லுதேன். தப்பு உங்க மேல இல்லைன்னு..."

"வேண்டாம்."

சாலையில் ஓர் உப்பு லாரி போனது. அண்ணாச்சி அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவகிட்ட மட்டும் சொல்லிராத. என்னய ஏசி ஏசித்தான் அவ உசுரக் கையில புடிச்சிருக்கா. அதயும் புடுங்கிட்டா, அவளுக்கு வேற என்ன இருக்கு?"

சேசுராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வேலய முடி."

முடித்தான். ஆயில் அளவை இரண்டு தடவை பார்த்தான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினான். கண்ணை முழங்கையால் துடைத்ததில் முகமெல்லாம் கரி.

சாவியை நீட்டினான். அவர் அவனைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்தார். என்ஜின் சீராக ஓடியது. ஆனாலும் கிளம்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் இருந்தார்.

மணி ஒன்று. சாப்பாட்டு நேரம். சோற்றை வைத்துவிட்டு வள்ளிமயில் ஏச ஆரம்பிப்பாள்.

வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.