நாலு வேலைக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பாளரின் மேஜை மேல் ஒரு பென்சிலும் ஸ்பானிஷ் அகராதியும் இருந்தன. அன்று ஸ்பானிஷில் மாற்ற ஓர் ஆங்கிலக் கடிதம் வந்தது. ஹெலன் என்பவள் ஸ்பெயினில் இருக்கும் தன் நாத்தனார் பிலாருக்கு எழுதியது. எனக்கு ஆபரேஷன், பத்து நாள் வந்து வீட்டைப் பார்த்துக்கொள் என்று கேட்டிருந்தாள். தான் தினமும் செய்கிற வேலைகளையும் வரிசையாக எழுதியிருந்தாள். பிள்ளைகளுக்கும் 'கெட்' (get) என்ற ஆங்கிலச் சொல், ரொட்டிக்கும் 'கெட்', சமையலுக்கும் 'கெட்', நடக்க முடியாத மாமனாருக்கும் 'கெட்'.

"ஒரே சொல்தானே" என்று பென்சில் நாலு இடத்திலும் 'ஒப்தெனேர்' என்று எழுதித் தள்ளியது.

அகராதிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது தேடிப் போய் அடையறதுக்கான சொல். மாமனாரைத் தினமும் தேடிப் போய் அடையறாளா அவ? பிள்ளைகளை எழுப்பணும், அதுக்கு 'லெவந்தார்'. ரொட்டி வாங்க 'கொம்ப்ரார்'. சமைக்க 'பிரெபரார்'. பெரியவரைப் படுக்க வைக்க 'அகோஸ்தார்'. அழிச்சிட்டு எழுது."

பென்சில் தன் தலையில் இருந்த ரப்பரால் அழித்துவிட்டு நாலையும் எழுதியது. பிறகு ஹெலனின் கடிதத்தை மறுபடி பார்த்தது. அந்தச் சொல் நாலு வரியிலும் அலுத்துக்கொள்ளாமல் நின்றது.

"இத்தனூண்டு இருந்துக்கிட்டு இவ்வளவையும் இதுவே பாத்துக்குதே" என்றது பென்சில் மெதுவாக.

அகராதியும் அந்தச் சொல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு வாரத்தில் பிலாரின் பதில் வந்தது.

"கடிதத்தைப் படித்தேன் அண்ணி. நான் ஒருத்தி போதாது. நாலு பேராக வருகிறோம்."