தலை நிமிராத தாடி

“அங்க பாருங்க, தாடி எப்படி வேலை பார்க்கிறார்னு. தலையே நிமிரல!” என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தபடியே ஹாலைக் காட்டினார் மேனேஜர்.

எதிரே நின்ற பார்சல் அக்கா திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில், தடுப்புக்கு மேலே கம்ப்யூட்டர் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ‘தாடி’ என்றே கம்ப்யூட்டரிலும் பெயர் போட்டிருந்த ஊழியரின் தலை தெரியவில்லை. அவ்வளவு குனிந்து உழைக்கிறார் என்பது மேனேஜரின் கட்சி.

மேனேஜர் இந்தக் கூரியர் கம்பெனிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இதுவரை ஹாலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. ஆட்களை நேரில் பார்த்து எடைபோடுவதெல்லாம் அந்தக் காலம் என்பது அவருடைய கொள்கை. அதனால் வந்ததும் வராததுமாக, ஹாலில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரின் பிரவுசரிலும் எக்ஸ்டென்ஷன் என்ற ஒரு குட்டி நிரலை ஏற்றச் சொல்லிவிட்டார். யார் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குத் தாவினாலும், அதை எண்ணிக்கொண்டு வந்து அவர் திரையில் கோள் சொல்லிவிடும்.

அதை எழுதிக்கொடுத்த இன்ஜினியர் அப்போதே தலையைச் சொறிந்தார். “சார், யாரும் தொடாம பக்கம் தானா புதுசாகி ரெஃப்ரெஷ் ஆனாக்கூட இது கணக்குல சேர்த்துக்கும். ஆனா ஒரே பக்கத்துக்குள்ள நாள் முழுக்க வேலை செஞ்சா சேர்க்காது. அதை மட்டும் சரி பண்ணிட்டு...”

“அதெல்லாம் சில்லறை விஷயம். நாளைக்கே ஓடணும்” என்றார் மேனேஜர். ஓடியது.

அகல உழுவதை விட ஆழ உழு என்பார்கள். பாவம், எக்ஸ்டென்ஷனுக்கு அகலம் மட்டும்தான் தெரியும். இப்போது மேனேஜரின் திரையில் தாடியின் கணக்கைக் காட்டும் கோடு கூரையை இடித்துக்கொண்டு நின்றது. பார்சல் அக்காவின் பெயருக்கு எதிரே கோடே இல்லை, தரையோடு தரையாக ஒரு புள்ளி.

“காலையில ஒரு பக்கத்தைத் திறக்கிறீங்க. சாயங்காலம் மூடுறீங்க. நடுவுல என்ன மேடம், தூக்கமா?”

“ஐயோ, இல்ல சார். பார்சல் வரலைன்னு எல்லாரும் அந்த ஒரு பக்கத்துலதான் வந்து கேப்பாங்க. அதுலயே தேடி, அதுலயே பதில் போடுவேன். இப்பக்கூட ஒருத்தரோட மருந்து பார்சல் வேற கிடங்குக்குப் போயிடுச்சு. பாதியில விட்டுட்டு வந்திருக்கேன். மனுஷன் காத்துக்கிட்டு இருப்பார் சார்.”

“சாக்குப்போக்குக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டா, உங்க கோடுதான் மேடம் முதல்ல நிக்கும்.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார் மேனேஜர். அந்த அறையில் அதற்கு வேறு ஆள் இல்லை.

அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து, அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

“தாடியைப் பாருங்க. டீ குடிக்கன்னு எழுந்து போறாரா? ஊர்க்கதை பேசுறாரா?”

“சார், தாடி வந்து...”

“வேணாம். அடுத்தவங்களைப் பத்திக் கோள் சொல்றது எனக்குப் பிடிக்காது.”

பிடிக்காதுதான். அதற்கென்று சம்பளமில்லாத ஆளாக எக்ஸ்டென்ஷன் இருக்கிறதே.

“முதலாளிக்கே மெயில் போட்டுட்டேன். அடுத்த மாசத்துலேருந்து தாடிதான் டீம் லீடர்” என்றார் மேனேஜர். எந்தக் கிளையில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாத முதலாளியும் உடனே பதில் போட்டிருந்தார். அதை மேனேஜர் உருக்கமாகப் படித்துக் காட்டினார்: “‘பிரமாதம். இப்படிப்பட்ட ஆளைக் கையை விட்டுப் போக விட்டுடாதீங்க.’ கேட்டீங்களா?”

“கேட்டேன் சார். அவரைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லிடறேன்...”

“பொறாமை மேடம், பொறாமை! கூட வேலை பார்க்கிறவங்க முன்னுக்கு வந்தா ஆகாது, இல்ல?” மேனேஜர் ஒரு கவரை எடுத்து மேஜையில் தள்ளினார். “இன்னையோட உங்க வேலை முடிஞ்சுது.”

அக்கா கவரைத் தொடவில்லை. கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் வாயில் வந்தது வேறு. “அப்ப அந்த மருந்து பார்சல்? இன்னும் எத்தனையோ பேர் வரிசையில நிக்கிறாங்களே சார். யார் பதில் சொல்லுவா?”

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வேலையை விட்டு அனுப்பும்போதுதான் அவருக்குப் பெருந்தன்மை ஊற்றெடுக்கும்.

“அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு? உழைக்கிற ஆளுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தாங்கும். உங்க வேலை மொத்தத்தையும் தாடிகிட்ட ஒப்படைச்சிட்டுக் கிளம்புங்க.”

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலைப் பார்த்தாள். கடைசி வரிசையில் அந்த வெளிச்சம் ஒருமுறை வெளுத்து, பழையபடி ஆனது. அதே நொடியில் மேனேஜரின் திரையில் தாடியின் கோடு இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“பாருங்க, நாம பேசிக்கிட்டு இருக்கிற நேரத்துலகூட!” என்று பூரித்துப்போனார் மேனேஜர். “போங்க, போய் ஒப்படைங்க.”

“முடியாது சார்.”

“ஏன் முடியாது?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடியே, தாடி கம்ப்யூட்டரைக்கூட அணைக்காம, அவர் வேலை மொத்தத்தையும் என்கிட்ட ஒப்படைச்சிட்டுக் கிளம்பிட்டார் சார்.”